கதைப் புத்தகத்தோடு வந்த மற்றப் புத்தகம்

எங்கள் ஊர்ப் பொது நூல்நிலையத்தில் இங்கிலீசுப் புத்தகங்களுக்கென்று இரண்டு அலுமாரிகள் இருந்தன. ஒன்றில் கதைப் புத்தகங்கள். மற்றதில் கதை அல்லாதவை எல்லாம். அங்கே பொறுப்பாக இருந்தவர் முதலாவதைக் ‘கதை’ என்றும் இரண்டாவதை ‘மற்றது’ என்றும் சொல்வாராம். இதெல்லாம் என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அலுமாரிகளை நான் அப்போது கண்ணால் கண்டதில்லை. திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் தெருவில், கப்பல்காரரும் பட்டாளத்தாரும் நடமாடும் இடத்தில் அந்தக் கட்டடம் இருந்தது. பெண்கள் அங்கே போய்ப் புத்தகம் எடுப்பது வழக்கமில்லை. என்ன வேண்டுமென்று சொல்லி அனுப்புவோம். வீட்டு ஆண்கள் எடுத்து வருவார்கள்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படித்தவள். கல்யாணமாகி வந்தபின் அந்தப் படிப்புக்கு வீட்டில் வேலை எதுவும் இருக்கவில்லை. கதைப் புத்தகங்கள்தான் அதைத் துருப்பிடிக்காமல் வைத்திருந்தன. கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டில் கிளாக்கர் வேலை பார்த்த என் கணவர் வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு கதைப் புத்தகம் கொண்டுவருவார். அதோடு எப்போதும் வேறொரு புத்தகமும் வரும். அந்த நூல்நிலையத்தின் விதி அது. கதை எடுத்தால் மற்றதிலும் ஒன்று எடுக்க வேண்டும். வெறும் கதையை மட்டும் தரமாட்டார்கள்.

“சோறு தின்னாத பிள்ளைக்குப் பலகாரம் குடுப்பியளோ எண்டு கேக்கிறார் மனுசன்” என்று என் கணவர் சிரிப்பார். “எனக்கு நிண்டு தெரிஞ்செடுக்க நேரமில்லை. கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு வந்தனான்.”

அப்படிக் கைக்கு வந்தவற்றால் நான் தேனீ வளர்ப்பைப் படித்தேன். பனி விழும் நாட்டில் ரோசாச் செடிக்கு எப்போது கிளை வெட்ட வேண்டும் என்று படித்தேன். வெளிச்ச வீட்டு விளக்கை எப்படித் துடைப்பது என்றும் படித்தேன். படிக்காமல் திருப்பிக் கொடுத்திருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த புத்தகத்தைத் திறக்காமல் அனுப்புவது, வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவதுபோல எனக்குப் பட்டது. கதையை ஆசைக்கும் மற்றதைக் கடமைக்கும் படித்தேன்.

உலக மகாயுத்தம் எங்கள் பக்கம் நெருங்கியபோது, ‘மற்றது’ என்று வந்த புத்தகமும் மாறியது. விமானங்கள் வந்து குண்டு போட்டால் வீட்டிலிருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற கைப்புத்தகம் அது. நூல்நிலையத்துக்கு அது கட்டுக்கட்டாக வந்திருந்தது. கதை கேட்ட எல்லோருக்கும் பொறுப்பாளர் அதைத்தான் சேர்த்துக் கொடுத்தார். பலர் அப்படியே திருப்பிக் கொடுத்திருப்பார்கள். நான் வரிவரியாகப் படித்தேன்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. வாய் ஓயாத பிள்ளை. காகத்தோடு கதைப்பாள், தண்ணீர்க் குடத்தோடு கதைப்பாள், அப்பா காலில் இருந்து கழற்றிய சப்பாத்தைப் பார்த்து “நேற்று எங்க போனனீங்கள்?” என்று விசாரிப்பாள். பிள்ளைகளுக்கு இந்தப் பாடங்களை விளையாட்டாகப் பழக்க வேண்டும் என்று கைப்புத்தகத்தில் இருந்தது. நான் பழக்கினேன்.

உட்காரும் நீள மர வாங்கின் கீழ்தான் எங்கள் விளையாட்டுப் பதுங்கு குழி. வாயால் ஊதும் சைரனும் நான்தான். ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து. ஓடிப்போய் வாங்கின் கீழே படுக்க வேண்டும். ஒரே சீராக நீளமாக ஊதினால் ஆபத்து போய்விட்டது, வெளியே வரலாம். குண்டுச் சத்தத்தின் அதிர்ச்சியில் பற்கள் மோதி நாக்குக் கடிபடாமல் இருக்க வாயில் எதையாவது கடித்துக்கொள்ள வேண்டும் என்றும் புத்தகம் சொன்னது. போத்தல் தக்கை ஒன்றை நூலில் கோத்து அவள் கழுத்தில் கட்டிவிட்டேன். தக்கை வாயில் இருக்கும்போது கதைக்கக் கூடாது என்பது நான் சேர்த்துக்கொண்ட விதி. வாய் திறந்தால் தக்கை விழுந்துவிடும் அல்லவா.

இன்னொன்றும் இருந்தது. சத்தம் அடங்கிவிட்டது என்று நம்பி, சைரன் ஊதும் முன்னே வெளியே வருபவர்கள்தான் அடிபடுவார்கள் என்று கைப்புத்தகம் திரும்பத் திரும்ப எச்சரித்தது. ஆகவே நான் அவளைச் சோதித்தேன். வாங்கின் கீழே அவள் படுத்திருக்கும்போது, “சரி, முடிஞ்சுது. அம்மாட்ட வா” என்பேன். முதல் சில தடவை ஓடி வந்தாள். “ஏமாந்திட்டாய்! சைரன் ஊதினதோ?” என்று கேட்டு, வென்றால் கொடுக்கும் பனங்கட்டித் துண்டைக் கொடுக்காமல் விட்டேன். பிறகு அவள் ஏமாறவில்லை. நான் கெஞ்சுவேன், சிரிப்புக் காட்டுவேன், அழுவதுபோல் நடிப்பேன். தக்கையைக் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். நீளச் சத்தம் வந்த பிறகுதான் தக்கையைத் துப்பிவிட்டு, “வெண்டிட்டன்!” என்று கத்துவாள்.

என் கணவருக்கு அது பிடித்துப்போயிற்று. “உம்மட பள்ளிக்கூடத்தில இவள்தான் முதலாம் பிள்ளை” என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது.

குண்டு விழுந்தது ஒரு காலை நேரம். அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். சைரன் ஏறி இறங்கி ஊத, நாங்கள் இருவரும் வீட்டு வளவுக்குள் வெட்டியிருந்த உண்மையான குழிக்குள் இறங்கினோம். மகள் சொல்லாமலே தக்கையைக் கடித்துக்கொண்டாள். பிறகு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. துறைமுகப் பக்கமாக வானம் கறுத்தது, குழிச் சுவரிலிருந்து மண் எங்கள் தலையில் கொட்டிக்கொண்டே இருந்தது என்பது போதும்.

எல்லாம் அடங்கி நெடுநேரமாகியும் அடுத்த சைரன் கேட்கவில்லை. ஊதினது என்று சிலர் பிறகு சொன்னார்கள். எங்கள் பக்கம் கேட்கவில்லை. அயலவர்கள் வெளியே வந்து சத்தம் போட்டார்கள், நானும் ஏறினேன். கரி படிந்த முகத்தோடு என் கணவர் ஓடிவந்தார். அவர் உயிரோடு வந்ததைப் பார்த்த பிறகு எனக்கு வேறெதுவும் நினைவில் நிற்கவில்லை. ஊரே வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. அவர் எங்களை ஒரு லொறியில் ஏற்றி, கந்தளாயில் இருந்த தன் தமக்கை வீட்டுக்கு அனுப்பினார். அவருக்கு வேலையை விட்டு வர ஏலாது.

கந்தளாயில் பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். பிள்ளையின் மாற்றுச் சட்டைகள் பாதிதான் வந்திருந்தன. நூல்நிலையப் புத்தகங்கள் இரண்டும் பத்திரமாக வந்திருந்தன.

மகள் கதைக்கவில்லை என்பது அங்கே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. லொறியில் தக்கையை வாயிலிருந்து எடுத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திரும்பவும் வைத்துக்கொண்டாள். பயம், களைப்பு என்று நினைத்தேன். மச்சாள், அதாவது கணவரின் தமக்கை, வாசலிலேயே அவளை வாரி எடுத்துக்கொண்டாள்.

“இதென்ன, இந்த வயசிலும் வாயில சூப்பியே? மாமிட்டத் தாங்கோ” என்று தக்கையை வாங்கி எங்கேயோ போட்டுவிட்டாள். பிள்ளை எதிர்க்கவில்லை. உதடுகளை மட்டும் இறுக மூடிக்கொண்டாள்.

மறுநாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. சாப்பிடுவதற்கு வாய் திறப்பாள், விழுங்கியதும் மூடிக்கொள்வாள். விழுந்து முழங்கால் உரசியபோதுகூடக் கண்ணீர்தான் வந்தது, சத்தம் வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள், சொன்னதைச் செய்தாள். காது கேட்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. குரல் மட்டும் எங்கேயோ போயிருந்தது.

மச்சாளுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகளுக்காக அவள் செய்யாதது இல்லை. கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டினாள். பார்வை பார்க்கிற கிழவரைக் கூப்பிட்டுத் திருநீறு போடுவித்தாள். குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் நோய் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியிடம் நான் கொண்டுபோனேன். அவர் நாக்கைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், காய்ச்சல் வராமலிருக்க மருந்து தந்தார்.

“பயந்த பிள்ளை. தானாக் கதைக்கும். நீங்கள் நெருக்காதேங்கோ” என்றார்.

“எப்ப கதைப்பா ஐயா?”

“அதை நான் எப்பிடிச் சொல்லுறது, பிள்ளை? சில பேர் கதைக்காமலே இருந்திட்டினம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். வீட்டுக்கு நடந்து வரும்போது அது என்னோடு கூடவே வந்தது.

நெருக்காதே என்றார். ஆனால் என்னால் நெருக்காமல் இருக்க முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கெஞ்சினேன். “எல்லாம் முடிஞ்சுது, குஞ்சு. இனி ஒண்டுமில்லை. அம்மாவோட ஒரு சொல்லுக் கதை” என்றேன். சிரிப்புக் காட்டினேன். ஒரு தடவை உண்மையாகவே அழுதுவிட்டேன். அவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு எங்கோ பழக்கமானதாக இருந்தது. உதடுகள் இன்னும் கொஞ்சம் இறுகின.

நெருக்காமல் ஏதாவது செய்ய வேண்டுமென்று, கொண்டுவந்திருந்த கதைப் புத்தகத்தை அவளுக்கு வாசிக்கத் தொடங்கினேன். பழைய வீடு ஒன்றை விற்பதா வேண்டாமா என்று தவிக்கும் இரண்டு சகோதரிகளின் கதை. நாலு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? மனதுக்குள் இங்கிலீசில் வாசித்து வாயால் தமிழில் சொன்னேன். பனிக்குப் பதிலாக மழை பெய்யவைத்தேன். சகோதரிகள் தேத்தண்ணி குடிக்கும் இடமெல்லாம் பலகாரமும் சேர்த்துக்கொண்டேன். அவள் அசையாமல் கேட்டாள். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மச்சாளும் கேட்டாள்.

“அந்த மூத்தவள் வீட்டை விக்கக் கூடாது” என்றாள் மச்சாள். “வித்தால் எங்க போய் இருக்கிறது? சரி, வாசியும்.”

கதைப் புத்தகம் முடிந்தது. வீட்டை விற்றுவிட்டார்கள். மச்சாள் ஒருநாள் முழுக்க என்னோடு கோபமாக இருந்தாள். மகள் எதுவும் சொல்லவில்லை. மற்றப் புத்தகத்தை நான் திறக்கவே இல்லை. அதன் அட்டையைக் கண்டாலே குழி மண்ணின் மணம் வந்தது. பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்.

ஒருநாள் காலையில் மச்சாள் குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

“என்ர அகப்பையள் எல்லாம் எங்க? கறி கிளற ஒண்டும் இல்லை!”

தேடிக்கொண்டு போனோம். முன் விறாந்தை வாங்கின் கீழே அவை கிடந்தன. சிரட்டை அகப்பைகளும் மர மத்தும் சோறு பரிமாறும் கரண்டியும், மனிதர்களைப்போல வரிசையாகப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும், வாய் இருக்க வேண்டிய இடத்தில், முருங்கைக் காம்பில் ஒடித்த சிறு துண்டு. பக்கத்தில் என் மகள் குந்தியிருந்தாள். தலையைச் சரித்துக் காதை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

“இஞ்ச பாரும், இவ்வளவும் இஞ்ச கிடக்குது” என்று மச்சாள் ஒரு அகப்பையை இழுத்தாள்.

பிள்ளை பாய்ந்து அதைப் பிடித்தாள். விடவில்லை. கண்கள் நிறைந்து வழிந்தன. வாயை மூடியபடியே தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை, இன்னும் இல்லை.

மச்சாள் அகப்பையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டு வாங்கும் இதே உயரம். அதன் கீழே தக்கையைக் கடித்தபடி, கெஞ்சினாலும் அழுதாலும் ஏமாறாமல், என்னைக் கூர்ந்து பார்த்துக்கொண்டு கிடந்த அந்தப் பார்வை. கந்தளாய்க்கு வந்த நாளிலிருந்து நான் கெஞ்சிய ஒவ்வொரு தடவையும் அவள் சோதனையில் வென்றுகொண்டிருந்தாள்.

நீளச் சத்தத்தை அவள் இன்னும் கேட்கவில்லை.

உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியின் அடியிலிருந்து கைப்புத்தகத்தை எடுத்தேன். எனக்குத் தெரியாத எதுவும் அதில் இருக்கப் போவதில்லை. இருந்தாலும் சரிபார்க்க வேண்டும்போல் இருந்தது. ஒரே சீரான, இடைவிடாத ஒலி என்று இருந்தது. பிள்ளை அதைக் கேட்காமல் போனால் என்ன செய்வது என்று எங்கும் இல்லை. நான் இப்போது ஊதினால் அவள் பயந்துவிடுவாளோ? இதுவும் சோதனை என்று நினைத்தால்? ஊதியும் கதைக்காவிட்டால், பிறகு எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. ஊதாமல் இருக்கும்வரையாவது ஒரு நம்பிக்கை மிஞ்சியிருக்கும். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வெளியே மச்சாளின் குரல் கேட்டது: “சரி குஞ்சு, அதுகள் படுத்திருக்கட்டும். மாமி கையால கிளறுறன்.”

அந்தக் குரல்தான் என்னை வெளியே இழுத்தது என்று நினைக்கிறேன். விறாந்தையில் நின்று வாயைக் குவித்து ஊதினேன். முதலில் குரல் உடைந்து ஏறி இறங்கியது. மகள் சட்டென்று குனிந்து வாங்கின் கீழே போனாள். தவறான சத்தத்தை அல்லவா ஊதிவிட்டேன்! மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு திரும்பவும் தொடங்கினேன். இந்தத் தடவை குரலைப் பிடித்து வைத்தேன். சீராக, நீளமாக, மூச்சு முழுவதும் தீரும்வரை. வேலிக்கு அப்பால் மாடு கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயோ கடவுளே, இவளுக்கும் பிடிச்சிட்டுது!” என்று மச்சாள் தலையில் கை வைத்தாள்.

வாங்கின் கீழே அவள் தலையைச் சரித்துக் கேட்டாள். பிறகு ஒரு கை நீண்டது. முதலாவது அகப்பையிலிருந்து காம்பை எடுத்தது. அடுத்ததிலிருந்து எடுத்தது. கடைசிக் கரண்டி வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்து முடித்த பிறகு அவள் வெளியே ஊர்ந்து வந்தாள். எழுந்து நின்றாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மா” என்றாள். குரல் கரகரத்தது. “மாமி என்ர பாலுக்குச் சீனி போடுறதே இல்லை.”

மச்சாள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். “அடி கள்ளி! ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?” என்று கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பால் முகத்தை மூடி அழுதாள், சிரித்தாள்.

“சைரன் ஊதேல்லையே, மாமி” என்றாள் மகள். அதுகூடத் தெரியாதா என்பதுபோல. பிறகு என்னிடம் திரும்பி, “நான் ஏமாறேல்லை. பனங்கட்டி எங்க?” என்றாள்.

அன்றைக்கு அவள் கதைத்தது முழுவதையும் நான் இங்கே எழுத முடியாது. லொறியில் பக்கத்தில் இருந்தவரின் மூக்கைப் பற்றி, நூல் கட்டிய கோயிலின் ஆட்டைப் பற்றி, அந்தச் சகோதரிகள் வீட்டை விற்றது பிழை என்பது பற்றி. எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தாள்.

நிலைமை சற்று அடங்கியதும் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். நூல்நிலையப் புத்தகங்களை இந்தத் தடவை என் கையால் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. “உமக்கு விருப்பமெண்டால் போய்ட்டு வாரும்” என்றார் என் கணவர். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் தடவையாக அந்தப் படியேறினேன்.

அலுமாரிகள் இப்போது மூன்றாகியிருந்தன. கப்பல்களிலிருந்து இறங்கியவர்கள் படித்து முடித்துக் கொடுத்த புத்தகங்களாம் மூன்றாவதில். கதையும் மற்றதும் கலந்து கிடந்தன. சுவரோரம் வெள்ளைக்காரக் கப்பல்காரன் ஒருவன், இளம் பொடியன்தான், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். பொறுப்பாளர் நான் நினைத்ததைவிட மெலிந்தவர். புத்தகங்களைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“இதைப் படிச்சனீங்களோ?” என்று கைப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டி மெதுவாகக் கேட்டார். “பிரயோசனமா இருந்ததோ?”

“ஓம்” என்றேன். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான்.

“அம்மா, இந்த மாமா என்ன வாசிக்கிறார்? அதில படம் இருக்கோ?” என்று மகள் கப்பல்காரனைக் காட்டிக் கேட்டாள். அந்த அமைதியில் அவள் குரல் மணியடித்ததுபோல் இருந்தது.

பொறுப்பாளர் கோபப்படவில்லை. விரலை உதட்டில் வைத்து, சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். “இஞ்ச கதைக்கக் கூடாது, பிள்ளை.”

மகளின் உதடுகள் மூடிக்கொண்டன. தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். அதே பார்வை. எப்போது, அம்மா?

வெளியே போன பிறகு ஊதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பலகையில் ‘அமைதி’ என்று தமிழிலும் இங்கிலீசிலும் எழுதியிருந்தது. எழுதிப் போட்ட எதையும் நான் மீறியதில்லை. பொறுப்பாளர் நல்ல மனிதர், அங்கே இருந்தவர்கள் படிக்க வந்தவர்கள். படி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்த மூடிய வாயைப் பார்த்துக்கொண்டு என்னால் அவ்வளவு நேரங்கூடப் பொறுக்க முடியவில்லை.

அங்கேயே, மூன்று அலுமாரிகளுக்கும் முன்னால் நின்று ஊதினேன். சிறிதாகத்தான், ஆனால் சீராக, நீளமாக.

கப்பல்காரன் பாதி எழுந்து கூரையைப் பார்த்தான். பிறகு அது ஆபத்து போய்விட்ட சத்தம் என்று அவனுக்கு விளங்கிவிட்டது போலும், மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தான். பொறுப்பாளரின் விரல் இன்னும் உதட்டிலேயே இருந்தது.

“அப்ப படம் இருக்கிறது எது?” என்று கேட்டாள் மகள். “எனக்கும் ஒண்டு வேணும். கதையும் வேணும், மற்றதும் வேணும்.”